ஆறு மணி வேன்

அத்தை சரியென்று சொன்னதுதான் முதலில் உறுத்தியது. கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் மஹாலட்சுமி கேட்ட எதற்கும் அந்த வீட்டில் ஒரே வாயில் சரி வந்ததில்லை. சொந்தத் தங்கை வளைகாப்புக்கு மஹா போய்வந்ததற்கே மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவள் மாமியார் கலாவதி. அவளிடம் போய், பட்டாம்பூச்சி பார்க்க ரெண்டு நாள் ஜவ்வாது மலைக்குப் போகட்டுமா என்று கேட்டால், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நிற்கக்கூட இல்லை.

"போய்ட்டு வாயேம்மா. எத்தினி நாள்தான் இங்கியே அடைஞ்சிக்கினு கெடப்ப?"

மஹாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஏற்பாடெல்லாம் கிரேஸுடையது. ஏனாத்தூரில் மஹாவோடு விலங்கியல் படித்தவள், இப்போது அங்கேயே ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். இறகை மூடினால் காய்ந்த இலை, திறந்தால் நீலம் என்று ஒரு அபூர்வமான பட்டாம்பூச்சி. அதை ஜவ்வாது மலை ஓடையோரம் யாரோ படம் பிடித்து, பட்டாம்பூச்சிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். ஐந்து பெண்கள், ஒரு வேன், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில். மஹா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பட்டியல் எழுதினாள்: டார்ச், தொப்பி, பூச்சியை வரவழைக்க அழுகின வாழைப்பழம் அரை டஜன். பூச்சி கிடைக்காவிட்டாலும் போகட்டும், இந்தத் தெருவை ஒரு தடவை தாண்டிவிட்டால் போதும் அவளுக்கு.

அந்த வீட்டுத் தறியில் பட்டுப்புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய ஆள் இரண்டு வேண்டும். புருஷன் குமரகுரு ஒரு கை, அவள் இன்னொரு கை. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். தறி நிற்கக்கூடாது என்பது அந்த வீட்டில் சாமி கும்பிடுவதற்கும் மேல்.

புதன்கிழமை பல் துலக்கும்போது நாக்கில் ஒரு நூல் தட்டுப்பட்டது. நெசவு வீட்டில் சோற்றிலும் நூல் வரும், தலைமுடியிலும் நூல் வரும். இழுத்துப் போட்டாள். சாயம் ஏறாத, பசபசவென்ற நூல், அவள் நினைத்ததைவிட நீளமாக வந்தது.

வியாழக்கிழமை அவளுடைய டப்பா காலியாக இருந்தது.

கறிவேப்பிலைச் செடியில் எடுத்த நாலு கூட்டுப்புழுக்களை அதில் வளர்த்துவந்தாள். குச்சியில் சாய்ந்தபடி, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, பச்சையாக, அசையாமல் நின்றிருந்தவை. இன்றோ நாளையோ பிளந்துகொண்டு வெளியே வரவேண்டும். அவள் தேடிக்கொண்டே பின்கட்டுக்குப் போனபோது, பட்டு நூல் வேகவைக்கும் பெரிய அண்டாவின் பக்கத்தில் கலாவதி நின்றிருந்தாள். ஆவியடங்கிய தண்ணீரில் நாலும் உப்பி மிதந்தன.

"நூல் ஒண்ணும் வரலியேம்மா," என்றாள் கலாவதி, நிஜமாகவே ஏமாந்தவள் குரலில்.

"அத்தை, அது பட்டுப்புழு இல்ல! பட்டாம்பூச்சி! நாளைக்குப் பறந்திருக்கும்!"

"அதான் சொல்றேன். பறந்துட்டா அப்புறம் எதுக்கு ஆவும்? கூட்டை ஓட்டை போட்டுக்கினு பூடும். நூலெல்லாம் துண்டு துண்டா நிக்கும். அதுக்கு முன்னாடியே போட்டுடணும்."

அத்தையின் பிறந்த வீடு கிருஷ்ணகிரிப் பக்கம், பட்டுப்புழு வளர்த்த குடும்பம். பழக்கதோஷம் என்று மஹா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பை தயாராக வாசலில் இருந்தது. குமரகுரு தறியிலிருந்து கூப்பிட்டான்.

"மஹா, இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. ஒரு அரை மணி ஒக்காந்து குடுத்துட்டுப் போ. வேன் ஆறு மணிக்குத்தான?"

"அரை மணிதாங்க. அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்பா."

போனை எதிர்ச்சுவர் மாடத்தில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தறிக்குழிக்குள் கால்களை இறக்கினாள். மண் குழியின் குளுமை பாதத்தில் ஏறியது. நூலுக்கு ஈரக்காற்று வேண்டுமென்று எப்போதும்போல ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஓட்டுச் சந்தில் இறங்கிய ஒற்றை வெயில் கோடு தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் கிடக்க, மிதிகட்டையின் கிறீச்சும் பலகையின் தட்டும் மாறி மாறி, மாறி மாறிக் கேட்டு, எத்தனை நேரம் போனதென்றே தெரியாமல், கொட்டாவிகூட அந்தத் தாளத்துக்கே வந்தது. எங்கிருந்தோ அடுப்புப் புகை, அதன் பின்னால் சோப்பும் சோடாவும் காய்கிற நெடி. நூல் வேகவைக்கும் நாள் இல்லையே இன்றைக்கு?

"தார்க்குச்சியில நூல் தீந்துடுச்சி. சுத்தி எடுத்துக்கினு வரேன்," என்று குமரகுரு எழுந்தான். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அவள் காத்திருந்தாள். வெயில் கோடு பாவை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிற்று. போதும், எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினாள். உடம்பு எழவில்லை.

இடுப்பில் ஒரு நூல் இருந்தது. பின்னால் தறிக்காலிலிருந்து வந்து, இடுப்பைச் சுற்றி, மறுபடி தறிக்காலுக்கே போனது. ஒரே ஒரு நூல். இழுத்தாள். விரலை அறுத்ததே தவிர, நூல் அறவில்லை. கத்தரிக்கோல் அவன் உட்கார்ந்திருந்த பக்கம், கைக்கு ஒரு முழம் அந்தண்டை கிடந்தது.

"ஏங்க!"

கூப்பிட்டாள். பாதிதான் வந்தது. மீதி நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாயில் விரலை விட்டாள். நூல் நுனி. இழுத்தாள். வந்தது. பசபசவென்று, வெதுவெதுப்பாக, தொண்டைக்குக் கீழேயிருந்து, முழம் முழமாக, நிற்காமல் வந்தது. மடியில் குவிந்தது. காற்றுப் பட்டதும் இறுகியது.

மாடத்தில் போன் அதிர்ந்தது. கிரேஸ். அணைந்தது. மறுபடி கிரேஸ்.

கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். குனிந்து முழங்காலைப் பிடித்தாள். முழங்கால் இல்லை. தோல் இருந்தது. தோலுக்குள் எலும்பு இல்லை. விரல் அமுங்கியது. உள்ளே ஏதோ வெதுவெதுப்பாகக் குலுங்கியது.

அவளுக்குத் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் அவளும் கிரேஸும் ஒரு கூட்டுப்புழுவை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதி புழு, பாதி பூச்சி இருக்கும் என்று நினைத்தார்கள். ஒரு கரண்டி வெள்ளைக் கஞ்சிதான் இருந்தது. எல்லாம் கரையவேண்டும், கரைந்த பிறகுதான் புதிதாக உருவாகும் என்றார் பேராசிரியர்.

அழுதாள். அழுகை மூக்கால் மட்டும் வந்தது. வாயை நூல் மூடிவிட்டது.

அப்போதுதான் முதுகு அரித்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலுக்கு அடியில் ஏதோ இருந்தது. ஈரமாக. மடிந்து மடிந்து. மூச்சு இழுத்தால் அதுவும் அசைந்தது. பிடரியில் தோல் மெல்லப் பிளக்கிற சத்தம், பாவில் ஓர் இழை விட்டுப்போகிற சத்தம். வலிக்கவில்லை. காற்று பட்டது. அங்கே இதுவரை காற்றே பட்டதில்லை.

பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. வெளியே வந்துவிடலாம். இன்னும் கொஞ்சம் நேரம். ஓட்டுச் சந்து போதும். கால் எதற்கு?

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"மஹா! வாடி!"

வரேன். வரேன்டி. இதோ.

முதுகில் ஒரு மடிப்பு பிரிந்தது. ஓரக்கண்ணில், காய்ந்த இலை நிறத்துக்குள்ளே, கொஞ்சம் நீலம்.

பின்கட்டில் தண்ணீர் தளதளத்தது.

"கொதி வந்திச்சாப்பா?" கலாவதியின் குரல்.

"வந்துடுச்சிம்மா."

"அப்ப சீக்கிரம் தூக்கு. ஓட்டை போட்டுக்கினு பூடப் போவுது."

கதவு திறந்தது. ஆவி முதலில் உள்ளே வந்தது. அதன் பின்னால் கைகளில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். கலாவதி அவள் முதுகைப் பார்த்தாள். சரியான பதம் பார்க்கிறவள் போலத் தலையாட்டினாள். வேன் மூன்றாவது தடவை ஹாரன் அடித்தது. குமரகுரு குழிக்குள் இறங்கி, நூல் எங்கும் அறுந்துவிடாமல், அவளைப் பக்குவமாக இரண்டு கையிலும் ஏந்தினான்.