விதைக் கூடத்தின் வடக்குச் சுவர்

"மழையில மண் சுவர் கரைஞ்சிடுச்சு, டிசைன்தான் தப்புன்னு மத்தியானத்துக்குள்ள நிலையத்துல எழுதிட்டாங்க மேடம்," என்று ஜெயசீலியிடம் போனில் சொன்னாள் எழிலரசி. செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தை மண்ணாலும் சுண்ணாம்பாலும் வடிவமைத்தவள் அவள். ஏசி இல்லாமலே விதைகள் குளிர்ச்சியாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று காலை விதைக் கூடத்தின் வடக்குச் சுவர் சரிந்து, பெருக்க வந்த அஞ்சலையின் காலை நசுக்கிவிட்டது.

இடிந்த கட்டடங்களை ஆராய்ந்தே ஓய்வுபெற்றவர் ஜெயசீலி. திருவேற்காட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு உடனே கிளம்பினார். ஆட்டோ ஓட்டியது முகமது ஆசிக். துப்பு துலக்கும் வேலை என்றால் அவன் மீட்டரைக்கூடப் பார்க்க மாட்டான்.

நிலையத்தின் இயக்குநர் கிருபாகரன் வாசலிலேயே நின்றார். "ரெண்டு நாள் மழை மேடம். மண்ணுதானே?"

ஜெயசீலி இடிபாட்டைச் சுற்றி வந்தார். ஆசிக் மண்ணைக் கிளறிவிட்டு நிமிர்ந்தான். "மத்த மூணு சுவத்தோரமும் அலமாரி பூரா விதை டப்பா கீது மேடம். இங்க அலமாரி மட்டும் நசுங்கிக் கீது. டப்பா ஒண்ணுகூட இல்ல."

"விதைக் கூடத்துச் சாவி யார்கிட்ட?" என்று கேட்டார் ஜெயசீலி.

"என்கிட்ட மட்டும்தான். பெருக்கறதுக்குக்கூட நான்தான் திறந்து விடணும்," என்றார் கிருபாகரன்.

"மழை வெளியிலேர்ந்துதான் அடிக்கும் சார். கூரை நல்லா வெளிய நீண்டிருக்கு. வெளிப்பூச்சுல ஈரமே இல்ல. உள்பக்கம், அதுவும் அடியில மட்டும் சேறாக் குழைஞ்சிருக்கு. உள்ளேர்ந்து பல நாள் தண்ணி ஊத்தியிருக்காங்க. சுவர் விழும்னு தெரிஞ்சவர் விதையை முன்னாடியே காப்பாத்திட்டார். சாவி இல்லாம அதை எடுக்க முடியாது," என்றார் ஜெயசீலி.

இந்தக் கூடத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் மாடி கட்டக் கிருபாகரன் இரண்டு முறை கேட்டதும், நிலையத்தை நடத்தும் அறக்கட்டளை மறுத்ததும் அங்கே நின்ற எழிலரசிக்குத் தெரியும்.

கிருபாகரன் உட்கார்ந்துவிட்டார். "ஆள் இல்லாத நேரத்துல விழும்னு நெனச்சேன்."

"தண்ணி ஊத்தினது நீங்களா?"

கிருபாகரன் இல்லை என்று தலையசைத்தார். "அஞ்சலை."

மறுநாள் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட காலோடு அஞ்சலை படுத்திருந்தாள். "புதுச் செவுரு, தெனம் தண்ணி காட்டுன்னாரு சாரு. சிமெண்டு செவுத்துக்கு ஊத்துவாங்களே, அத்த மாரின்னு ஊத்திக்கினே இருந்தேம்மா."

மண் சுவரில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று எத்தனையோ கூட்டங்களில் எழிலரசி படம் போட்டு விளக்கியிருந்தாள். அந்தச் சுவரோரம் தினமும் பெருக்கியவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அஞ்சலை அவள் கையைப் பிடித்தாள். "நான் ஊத்துனது பத்தலியாம்மா? அதான் வுயுந்துச்சா?"

"இல்லக்கா. சரியாத்தான் ஊத்தின," என்றாள் எழிலரசி. அதில் பொய் ஒன்றுமில்லை.