அக்காவின் முகவரியிலிருந்து

முதல் மின்னஞ்சல் திங்கட்கிழமை காலையில் வந்தது. அனுப்பியவர் முகவரி அவளுடையது, பெறுபவரும் அவளே. உள்ளே ஒரே வரி: ‘உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.’

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையின் அரையிருட்டில், சூடேறிய இயந்திரத்தின் வாசனையும் ஏசியின் முனகலும் சூழ்ந்திருக்க, அதை இரண்டு முறை படித்தாள்.

வீட்டில் தங்கை ஒளிந்திருந்தாள். புருஷன் கையை முறித்த அன்று கட்டிய துணியோடு ஓடிவந்தவள். அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று போனைக்கூடத் தூக்கி எறிந்துவிட்டாள். பழைய கம்ப்யூட்டரில் அக்காவின் மின்னஞ்சல் வந்தால் மட்டும் கதவைத் திறக்க வேண்டும். வேறு யார் தட்டினாலும், தொண்டை கிழியக் கத்தினாலும் திறக்கக் கூடாது. அதுதான் அக்காவும் தங்கையும் பேசி வைத்திருந்தது.

“எவனோ உங்க முகவரியைப் போலியாப் போட்டு அனுப்புறான், மேடம். உங்க மெயிலுக்குள்ள யாரும் நுழையல. அழிச்சுட்டு வேலையைப் பாருங்க,” என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்.

“மத்தவங்களுக்கும் போகுமா?”

“போகலாம். தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி வச்சிடுங்க.”

தங்கையிடம் சொல்லவில்லை, பாவி! பாத்திரம் விழுந்தாலே நடுங்குகிறவளிடம் இதை வேறு சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

வியாழன் மதியம் தங்கையிடமிருந்து பதில் வந்தது.

‘சரிக்கா. திறக்கிறேன்.’

அதன் அடியில், அக்கா எழுதவே எழுதாத கடிதம், அவள் முகவரியிலிருந்தே: ‘வாசலில்தான் நிற்கிறேன். திற.’

போலீசுக்கு போன் செய்துகொண்டே ஓடினாள். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு தெரு. மூன்று மாடி. கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே ரத்த வாடை. சுவரில் தலைமுடி ஒட்டியிருந்தது. தரையில் இரண்டு பற்கள்.

மேசைக்கடியில் தங்கை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு கிழிந்து தொங்கியது.

“ஐயோ! அவன் எங்கடி?”

தங்கை ரத்தத்தில் வழுக்கிப் பின்னால் நகர்ந்தாள்.

“போதும்க்கா... இனிமே அடிக்காதக்கா...”

“நான்டி! இப்பதான்டி வர்றேன்!”

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நிதானமாகக் கை கழுவினார்கள். குழாய் நின்றது.

“யாருடி வந்திருக்கா?”

அச்சு அசல் அக்காவின் குரல்.

குளியலறைக் கதவு திறந்தது. தங்கையின் ஒற்றைக் கண் அங்கே பார்த்தது. இவளைப் பார்த்தது. மறுபடியும் அங்கே. யாரிடமிருந்து தப்புவதென்று தெரியாமல் சுவரோடு ஒண்டிக்கொண்டு அலறினாள்.