சிங்காரிக்கு ஒரு படம்

"இது எருமையா, கரி மூட்டையா?"

வாட்ஸ்அப் குழுவில் யாரோ இப்படி எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பக்கத்து வீட்டுச் சென்றாயன் மாமா வாடிய முகத்தோடு கைப்பேசியைப் பிளசியிடம் நீட்டினார்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அப்போதுதான் பிளசி வீடு திரும்பியிருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஒரே கறுப்பு. நடுவில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"கால் ஆப்பரேசனுக்கு அப்புறம் என்னால மேய்க்க முடியலை கண்ணு. சிங்காரியை நல்ல வூடாப் பாத்துக் கொடுக்கலாம்னு படம் போட்டேன். ஒருத்தரும் கேக்கலை. நாளன்னிக்குச் சந்தை. வியாபாரி வந்து ஓட்டிக்கிட்டுப் போனா, அது எங்க போய்ச் சேரும்னே தெரியாது."

"அதுக்குள்ள நான் நல்ல படம் எடுத்துத் தரேனுங்க மாமா."

பிளசி ஏழாம் வகுப்பு. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா ராஜமேரியின் கைப்பேசியில் படம் எடுப்பவள். எறும்பு, பூனை மீசை, மழையில் நனைந்த சைக்கிள் மணி என்று எதையும் விட்டதில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. எடுப்பாள், சரியில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பாள்.

உச்சி வெயிலில் எடுத்தாள். படத்தில் தரை பளீரென்று விழுந்தது. சிங்காரி கரியாகவே விழுந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திப் பார்த்தாள். இன்னும் மோசம். கிட்டே போனபோது சிங்காரி நீள நாக்கை நீட்டிக் கைப்பேசியையே நக்கிவிட்டது.

"விடு கண்ணு. கறுப்பு கறுப்பாத்தான் விழும்."

"நேர்ல எவ்ளோ அழகா இருக்குது! அது படத்துல ஏன் வராது? விடமாட்டேனுங்க மாமா."

சாயங்காலம் சிங்காரியை ஏரிக்கு ஓட்டிப் போனாள். தண்ணீரில் இறங்கிய சிங்காரி சுகமாகப் படுத்துக்கொண்டது. கெஞ்சினாள், அதட்டினாள். அது அசைந்தால்தானே! ஒருவழியாக எழுந்து கரையேறியபோது பிளசி அப்படியே நின்றுவிட்டாள்.

சாய்ந்த வெயில் ஈர உடம்பில் பட்டு மினுமினுத்தது. திரண்ட தோள், வளைந்த கொம்பு, அகன்ற முதுகு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அவசரமாகக் கைப்பேசியை எடுத்தாள். அதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது.

"போ! காலையில வராமலா போயிடுவே?" என்றாள் சூரியனைப் பார்த்து.

மறுநாள் விடிந்ததும் சிங்காரியை ஏரியில் தேய்த்துக் குளிப்பாட்டினாள். வெயில் பக்கவாட்டில் விழும்படி சோளக்காட்டின் முன்னால் நிறுத்தினாள். திரையில் எருமையின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைச் சரிசெய்தாள். ஈ கடித்து அது தலையை ஆட்டியது. காத்திருந்தாள். மறுபடி ஆட்டியது. மறுபடி காத்திருந்தாள்.

கிளிக்!

படத்தைப் பார்த்த மாமாவுக்கு வாயெல்லாம் பல். பிறகு தயங்கினார். "கிழிஞ்ச காது தெரியுதே கண்ணு. அந்தப் பக்கமா எடுத்திருக்கலாமே?"

"வாங்க வரவங்க ரெண்டு பக்கமும்தான பாப்பாங்க மாமா?"

மாமா சிரித்துவிட்டுப் படத்தை அப்படியே அனுப்பினார்.

பிளசி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மாமா வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது. பென்னாகரம் பக்கமிருந்து மணிமேகலை என்பவர் வந்திருந்தார். சிங்காரியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எங்க வூட்ல ஒரு எருமை தனியாக் கெடக்குதுங்க. இது துணையா இருக்கும். பத்திரமாப் பாத்துக்கறேன்" என்றார்.

சிங்காரியை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளசியின் கையில் பணத்தை வைத்தார்.

"வேண்டாங்க மாமா."

"சும்மா கொடுக்கலை கண்ணு. வேலை செஞ்சே இல்ல? இது கூலி."

பிளசி பக்கத்தில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையாட்டினார். 'வேலை' என்று பிளசி மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை பிளசி வீட்டு வாசலில் ஒரே சத்தம். ஒருவர் கன்றுக்குட்டியோடு நின்றார். ஒரு அம்மா ஆட்டைப் பிடித்திருந்தார். இன்னொருவர் கக்கத்தில் சேவல் திமிறிக்கொண்டிருந்தது.

"பாப்பா, படம் எடுக்கறது இங்கதானுங்களா?"

பிளசி தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

"இங்கதானுங்க. எல்லாரும் இந்தப் பக்கமா வந்து நில்லுங்க. சேவலை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கங்க!"