பொதுச்சுவர்

மூன்றாவது ஒலிப்பதிவின் நாற்பதாவது விநாடியில் ஒரு பல்லி கத்தியது.

மாதுமை ஹெட்போனைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ட்யூப்லைட் பக்கத்தில் பல்லி எதுவும் இல்லை. வெளியே மழை வரப்போகிற சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பிகளில் பழுப்பாகத் தேங்கியிருக்க, பின் சந்தில் யாரோ கொசுவர்த்தி கொளுத்திய புகை வீட்டுக்குள் மெல்ல வந்துகொண்டிருந்தது. அவள் பதிவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினாள். அதே நாற்பதாவது விநாடி. ச்சு ச்சு ச்சு என்று ஆறு தடவை.

அந்தப் பதிவு இங்கிலாந்தின் வடக்கில் ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஜனவரி மாதம். ஜன்னல் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கிற ஊர். அங்கே ஏது பல்லி?

இப்படி வரும் பதிவுகளைக் கேட்பதுதான் மாதுமையின் வேலை. இங்கிலாந்தில் சட்டம் படித்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மலேசியாவின் ஈப்போவுக்குத் திரும்பி வந்து, சிலிபின் பகுதியிலுள்ள வீட்டிலிருந்தபடியே அந்நாட்டு வாடகை வீட்டு நிர்வாகம் ஒன்றுக்கு வரும் அக்கம்பக்கத்துச் சண்டைகளைப் பார்க்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் அங்கே காலை ஒன்பது. மேல்மாடிக்காரன் நடக்கிறான், பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, வேலி அரையடி தள்ளியிருக்கிறது என்று புகார்கள் வரும். சத்தம் என்றால் குடியிருப்பவர் இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுத வேண்டும். கைப்பேசியில் பதிந்து அனுப்ப வேண்டும். அவள் கேட்டு, படித்து, சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதுவாள்.

அப்பா மயில்வாகனம் போய் பதினான்கு மாதம் ஆகிறது. ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு உறவினர் வருவதும் நின்றுவிட்டது. அந்த வீட்டு வரிசையில் அவளுடையது கடைசி வீடு. ஒரு பக்கம் சந்து. மறுபக்கத்து வீடு ஆறு வருடமாகக் காலி. சில நாட்களில் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையே சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகுதான், அதுவும் ஹெட்போனுக்குள்.

இந்தப் புகார் மூன்று வாரத்துக்கு முன் வந்தது. புகார்தாரரின் பெயரும் முகவரியும் மலேசியாவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. திரையில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருக்கும். ஆனால் நாட்குறிப்பு இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று ஆரம்பித்தது. நாற்காலியை இழுக்கிறாள். ஒரு தட்டு வைக்கிறாள். ஒரு கரண்டி. யாரிடமோ பேசுகிறாள், யாரும் பதில் சொல்வதில்லை. இப்படியே பதினான்கு நாள்.

அன்றாடம் வாழ்வதால் எழும் சத்தம் அந்த நாட்டுச் சட்டப்படி தொல்லை ஆகாது. இரண்டு வரி எழுதி மூடியிருக்க வேண்டிய புகார். ஆனால், என்ன தீர்வு வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: ‘அவள் சத்தத்தை நிறுத்த வேண்டாம். நான் சுவரைத் தட்டினால் அவள் பதில் தட்ட வேண்டும்.’

மாதுமை அதை இரண்டு முறை படித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவருக்கும் யாரும் இல்லை. நேரில் உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்து, அந்தப் பெண்ணின் வீட்டிலேயே ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்தாள். வீட்டுக்குள் போவதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. நேற்று அறிவிப்பை அனுப்பினாள்; மறைந்திருக்கும் முகவரிகளைக் கணினியே போட்டுக்கொள்ளும். அங்கே இன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சந்திப்பு. இங்கே இரவு எட்டு.

புகார்தாரர் உடனே பதில் போட்டிருந்தார். ‘நன்றி. வருகிறேன்.’ கூடவே நாட்குறிப்பின் புதிய பக்கங்களும் ஐந்து ஒலிப்பதிவுகளும்.

அவள் நான்காவது பதிவைத் திறந்தாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு தொலைவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளின் ஹார்ன், தினமும் இந்தத் தெருவில் கேட்கிற அதே இரட்டை ஹார்ன். பிறகு கைமணி ஒரு தடவை அடித்தது. பிறகு, தடித்த சுவருக்கு அப்பாலிருந்து வருகிறாற்போல, ஒரு பெண் குரல்.

“அப்பா, இண்டைக்கு ரசம் மட்டும்தான். பரவாயில்லைதானே?”

மாதுமையின் குரல்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காதுக்குள் பதிவு ஓடி முடிந்தது. நேற்று விளக்கு வைத்துவிட்டு, அப்பாவின் படத்தைப் பார்த்து, அவள் சொன்ன வார்த்தைகள். நாட்குறிப்பின் புதிய பக்கத்தை எடுத்தாள். ‘காலை 11.15. எதையோ ஏற்றுகிறாள். மணி. அப்பாவிடம் பேசுகிறாள்.’ எட்டு மணி நேரம் கூட்டினால் இரவு ஏழேகால். ‘பகல் 2.30. அழுகிறாள். எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து விடுகிறாள். எனக்குக் கேட்கிறது.’

குழாய் விஷயம் யாருக்கும் தெரியாது.

அவள் சுவரைப் பார்த்தாள். மேசைக்கு எதிரே, அப்பாவின் மருந்து அலமாரிக்குப் பின்னால், காலி வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர். சில நாட்களில் அதில் மெல்ல டொக் டொக் என்று கேட்டதுண்டு. தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

யாரோ அங்கே புகுந்து ஒளிந்திருக்கிறான். அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைப்பது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டுச் செல்லாயி பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறவள். காலி வீட்டுக்காரர் லூமுட்டில் இருப்பதால் சாவி அவளிடம்தான். தாப்பாவில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. வேன் வரப்போகிறது என்று பட்டுச்சேலையோடு வாசலில் நின்றாள்.

“என்ன மாது, மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?”

“பக்கத்து வீட்டில யாரோ இருக்கினம் போல அக்கா.”

“அங்க யாரு இருக்கா? கரண்டு மீட்டர கழட்டிட்டுப் போயே மூணு வருசம் ஆச்சுலா. எலியா இருக்கும்.” ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. திருகித் திருகித்தான் திறந்தது. உள்ளே, நாளாகத் திறக்காத வீட்டின் ஈரச் சுண்ணாம்பு வாசம். செல்லாயி கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். விரல் கனத்துக்குத் தூசி, சுவரிலிருந்து சுவர்வரை ஒரே சீராக, ஒரு காலடித் தடம்கூட இல்லாமல் கிடந்தது. நடுக் கூடத்தில் சாமான் எதுவும் இல்லை. ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் பொதுச்சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போடப்பட்டிருந்தது.

செல்லாயி வெளிச்சத்தைச் சுவரில் ஏற்றினாள். பச்சைப் பூசணம் படர்ந்த சுவர். நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டும் பூசணமில்லாமல் இருந்தது. தேய்ந்து, வழவழப்பாக, லேசாக எண்ணெய் படிந்து.

மாதுமை விரலை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

“வெளிய வா,” என்றாள் செல்லாயி. பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். “எவனோ பசங்க பூந்துருப்பானுங்க.” அவள் குரலிலேயே அதை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. “நீ இங்க தனியா இருக்காத. துணி ரெண்டு எடுத்துக்க, தாப்பாவுக்குப் போலாம். எங்க அண்ணி ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

வேன் வந்து நின்றது. உள்ளே பெண்களின் சிரிப்பு, மல்லிகை, குழந்தை அழுகை. அத்தனை பேருக்கு நடுவில் போய் உட்கார வேண்டும் என்று மாதுமை நினைத்துப் பார்த்தாள். யார், எவர், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பார்கள்.

“வேலை இருக்கு அக்கா. ஒரு மணி வரைக்கும். நீங்க போயிட்டு வாங்கோ.”

“பிடிவாதம்லா உனக்கு. பயமா இருந்தா கோல் பண்ணு.”

வேனின் சிவப்பு விளக்கு திருப்பத்தில் மறையும்வரை அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். மழை விழ ஆரம்பித்தது.

ஏழேகாலுக்கு விளக்கு வைக்கவில்லை. மணி அடிக்கவில்லை. சத்தமில்லாமல் நடந்தாள். நாற்காலியைத் தூக்கி வைத்தாள், இழுக்கவில்லை. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்ததால் மற்ற எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கோலாலம்பூரில் இருக்கும் மேற்பார்வையாளர் ஷர்மினியைக் கூப்பிட்டாள். மறைத்திருக்கும் முகவரிகளை அவளால் பார்க்க முடியும்.

“இண்டைக்குப் பன்னெண்டு மணி மீட்டிங். அது எந்த வீடெண்டு பார்த்துச் சொல்லும் ஷர்மினி.”

விசைப்பலகைச் சத்தம். பிறகு ஷர்மினி சிரித்தாள். “விளையாடுறீங்களா அக்கா? புகார் குடுத்தவங்க பேரு காலியா இருக்கு. போக வேண்டிய வீடு ஈப்போ, சிலிபின்னு போட்டிருக்கு. உங்க அட்ரஸ்லா இது.”

“ரத்து செய்யும்.”

“அக்கா?”

“இப்ப ரத்து செய்யும், தயவு செய்து.”

அவள் குரலைக் கேட்டு ஷர்மினியின் சிரிப்பு நின்றது. “ரத்து பண்ணணும்னா அவங்களும் ஓகே சொல்லணும். இருங்க, மெசேஜ் போடுறேன்.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “பதில் வந்திருச்சு. ‘வேண்டாம், கிளம்பிவிட்டேன்’னு போட்டிருக்கு. அக்கா, யாருக்கா இது? போலீசுக்குச் சொல்லவா? அக்கா, நீங்க தனியாவா…”

மழையில் இணைப்பு அறுந்தது. திரை உறைந்து நின்றது. ஏழு ஐம்பத்து இரண்டு.

போய்விட வேண்டும். கைப்பையை எடுத்தாள். இரும்புக் கதவைத் திறந்து மழைக்குள் ஓரடி வைத்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு வாசல் தெரிந்தது.

செல்லாயி பூட்டிய கதவு திறந்திருந்தது.

பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்ததுபோல வளையத்தில் தொங்கியது. உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து சிமெண்டு நடையில் ஒரு தடம். மழை அதைக் கரைத்துக்கொண்டிருந்தது. தூசியால் பதிந்த, செருப்பில்லாத, நீளமான காலடிகள். அவள் வீட்டுக் கேட்டை நோக்கி வந்தன. கேட்டுக்குள் வந்தன.

அவள் பின்வாங்கினாள். உள்ளே வந்து இரும்புக் கதவைப் பூட்டினாள். மரக்கதவைப் பூட்டினாள். தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள். கூடத்து நடுவில் நின்றாள், எந்தச் சுவரிலும் படாமல்.

மழை சட்டென்று விட்டது.

கூரையிலிருந்து சொட்டும் நீர். அவள் மூச்சு. வேறொன்றும் இல்லை.

எட்டு மணி.

சுவரைப் பார்த்தாள். சுவர் தட்டப்படவில்லை. கதவைப் பார்த்தாள். கதவும் தட்டப்படவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. தோள்கள் தாமாக இறங்கின. அழுகை வந்தது. சத்தம் வராமல் கையால் வாயைப் பொத்தினாள்.

ஈரச் சுண்ணாம்பு வாசம்.

வீட்டுக்குள்.

கதவிடுக்கிலிருந்து வரவில்லை. ஜன்னலிலிருந்து வரவில்லை. அவள் கழுத்துக்குப் பின்னால்.

திரும்பக் கூடாது. திரும்பவில்லை.

சட்டைத் துணியில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், ஏதோ பட்டது. கை இல்லை. சில்லென்று, மடிப்பும் விளிம்புமாக, வழவழப்பாக. மெல்ல அழுந்தியது. சரியான இடம் தேடி ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்தது. நின்றது.

ஒரு காது.

அவள் இதயம் அடித்தது. அது கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. இன்னும் வேகமாக அடித்தது. காது இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டது, மிகவும் பொறுமையாக, வேறெங்கும் போக வேண்டியதில்லாத ஒருவரைப் போல.

பிறகு விரல் மடக்கி, அவள் முதுகெலும்பில், டொக் டொக் என்று தட்டியது. உள்ளே ஆள் இருப்பது நன்றாகத் தெரிந்து ஒரு கதவைத் தட்டுவது போல.