ஓர் ஆளுக்கு ஒரு டோக்கன்

அட்டையை ஒரு தடவை தேய்த்தால் கதவு இரண்டு டோக்கன் போட்டது. வரிசை எண் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. போனது ஒரே ஆள்.

மேதைக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். கிண்டலுக்கு வைத்தது என்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சர்வர் அறையிலிருந்து வெளியே வர, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கூண்டு இருந்தது. அதற்கு உள்கதவு ஒன்று, வெளிக்கதவு ஒன்று. அந்தக் கதவுகளைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் நிரலை எழுதியவர், போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போன பழைய ஆள்; மேதை அவருக்கு வைத்த பெயர் நத்தை. வாரம் ஒருமுறை அது உறைந்து நின்றுவிடுகிறது, சரிசெய் என்று மேதையிடம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

ஒரே கதவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் இழுத்துவிடாமலிருக்க நிரலுக்குள் ஒரு பூட்டு உண்டு. எடுத்த வேகத்தில் வேலையை முடித்துப் பூட்டை விட்டுவிட வேண்டும். நத்தையோ அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஒன்பது வினாடி நிரலைத் தூங்க வைத்திருந்தார். இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. போதாததற்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: 'முதல் டோக்கன் அதுக்கு. ஒன்பது வினாடி பொறுத்தா அது உள்ளே திரும்பிடும். அப்புறம் நீங்க வெளியே போங்க.'

"அதுக்காமே! எதுக்குய்யா?" என்று திரையைக் கேட்டான் மேதை. "பன்னெண்டு வருஷம் இங்க உட்கார்ந்து கிழிச்சது இதுதானா?"

தூக்கத்தை அழித்தான். குறிப்பை அழித்தான். ஓர் ஆளுக்கு ஒரு டோக்கன், முதலில் நிற்பவருக்கு முதலில் கதவு என்று எழுதி ஏற்றினான். மொத்தம் இருபது நிமிஷ வேலை. தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும்போது போன் அடித்தது. வரவேற்பில் இருக்கும் காவலாளி அக்கா.

"சார், உங்க பாப்பா ஸ்கூல் விட்டு வந்துடுச்சு. என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கு."

"இதோ வந்துட்டேங்கா. அந்த நத்தை பண்ணி வச்ச குப்பையைக் கூட்டி அள்ளியாச்சு."

கூண்டுக்குள் வந்து நின்றான். உள்கதவு பின்னால் மூடியதும், நாள் முழுக்கக் காதில் இரைந்துகொண்டிருந்த விசிறிகளின் சத்தம் பட்டென்று அறுந்து, தன் மூச்சுச் சத்தமும், அது அடங்கிய பிறகு ஒரு கணம் தாமதமாக இன்னொரு மூச்சுச் சத்தமும், காலையில் தான் போட்டுக்கொண்ட ஷேவிங் லோஷனின் வாசனை பிடரிப் பக்கத்திலிருந்து ஈரமாக வருவதும் அவனுக்குத் தெரிந்தது. எதிரொலி, என்று நினைத்தான். வாசனைக்கு எதிரொலி உண்டா என்று நினைக்கவில்லை.

அட்டையைத் தேய்த்தான். புது நிரலின் டோக்கன் 1.

ஒன்றே ஒன்று. பார்த்தாயா நத்தை?

வெளிக்கதவு திறந்தது. காலை எடுத்து வைத்தான். ஏதோ அவன் தோளை உரசிக்கொண்டு முந்தியது. சில்லென்று இருந்தது. கதவு அவன் மூக்குக்கு நேரே மூடிக்கொண்டது.

கதவருகே இருந்த சிறு திரையில் எழுத்து வந்தது. உள்ளே: யாருமில்லை.

மறுபடி தேய்த்தான். 'இவர் வெளியேறிவிட்டார்.'

மறுபடி. 'இவர் வெளியேறிவிட்டார்.'

உள்கதவும் அசையவில்லை. பேசும் பொத்தானை அழுத்தினான்.

"அக்கா, கதவு மாட்டிக்கிச்சு."

"யாருங்க அது? கூண்டுல யாருமில்லன்னு காட்டுதே."

"நான்தாங்கா!"

"விளையாடாதீங்க. சார் இப்பதான் வெளிய வந்தாரு. பாப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்பறாரு."

"அது நான் இல்லக்கா! பாப்பாவைப் பிடிங்க!"

ஒலிபெருக்கியில் அக்கா யாரிடமோ சிரிப்பது கேட்டது. "சார், உங்க குரல்லயே யாரோ பேசறாங்க, கேளுங்க."

பதில் வந்தது. அவனுடைய குரல். அவனுடைய அதே ஏளனம்.

"விடுங்கக்கா. அந்த டிரைவரே சுத்தக் குப்பை. எவனோ முட்டாள் எழுதினது."

வெளிக்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. முகத்தை அதில் அழுத்தினான். குத்தினான். கத்தினான். தடித்த கண்ணாடி.

அவன் சட்டை. அவன் பை. அவன் நடை. கைப்பிடியில் மகள்.

வாசலருகே அவள் திரும்பினாள். கண்ணாடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பிடித்திருந்தவனை அண்ணாந்து பார்த்தாள்.

கையை உருவப் பார்த்தாள்.

அது விடவில்லை.