பக்கத்து இருக்கை

ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நின்ற பனி, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் இருந்தது. பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு நீ வண்டியில ஏறக் கூடாது,” என்றான் கணவன், முதுகைக் காட்டியபடி. “ஸ்டாண்டுல அத்தனை டிரைவரும் சிரிக்கிறானுங்க. பொண்டாட்டி கயித்தைக் கட்டி இழுத்துட்டுப் போறாளாம்!”

“பனி கொட்டுதுங்க... இன்னிக்கு மட்டுமாவது...”

“தினம் ஒரு சாக்கு!”

அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாத்தனார் சீப்போடு எட்டிப் பார்த்தாள். “ஏன் அண்ணி, அண்ணன் வண்டியில தேவதைங்களா ஏறுறாங்க? எல்லாம் மூக்கு ஒழுகுற பசங்க! அதுங்க மேலயுமா சந்தேகம்?”

“நல்லா இருந்த தையல் வேலைய விட்டுட்டு, புருஷனுக்குக் காவல் நிக்கிறா!” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “என் புள்ள அப்படி என்னடி தப்புப் பண்ணிட்டான்?”

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன அன்று, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் அவன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. “எஃப்... பி... டி... ஓ...” கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகள். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, குழந்தை வாய்ப்பாடு சொல்வதுபோல. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பரிசோதனையில் அவன் தேறிவிட்டான். மறுநாளே தையல் வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“அடேயப்பா, அந்த நாய் எப்படிக் குறுக்க ஓடுது!” என்று தனக்குத்தானே வியப்பாள். அவன் பிரேக்கை மிதிப்பான். அவ்வளவுதான். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசினால் அவன் உடைந்துபோவான் என்று பயந்தாள். புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பின்னால் பாடிக்கொண்டு வந்த குழந்தைகளை எதன்மேல் உட்காரவைத்திருந்தாள்? அந்தக் கேள்வி இந்தப் பனியில்தான் அவள் முன்னால் வந்து நின்றது.

வெளியே வேன் உறுமியது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். “எடுக்காதீங்க!” கண்ணாடி மூடியிருந்தது. வாசலுக்கு நேராக, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“நாடகம் போடுறா பாரு!” என்றாள் மாமியார் படியில் நின்று.

வேன் நகர்ந்தது. நிற்கவில்லை. நிற்கிற எண்ணமே இல்லாததுபோல் மெதுவாக, நிச்சயமாக வந்தது. அவளும் நகரவில்லை.

மாமியாரின் முகம் வெளுத்தது. “டேய்...! நிறுத்துடா! உன் பொண்டாட்டிடா...!”

நாத்தனார் பாய்ந்து வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பம்பர் அண்ணியின் முழங்காலைத் தொட்டு நின்றது. கண்ணாடி இறங்கியது.

“என்னம்மா கத்துறீங்க?” அவன் குரலில் எரிச்சல். “முன்னால யாருமே இல்லையே!”

என்ஜின் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

“யாருமே... இல்லையா?” மாமியாரின் குரல் நடுங்கியது. “அவ நிக்கிறாடா... உன் கண்ணு முன்னாலயே நிக்கிறாடா...”

அவன் என்ஜினை அணைத்தான். இறங்கினான். வண்டியைத் தடவிக்கொண்டே வந்த விரல்கள் அவள் கன்னத்தில் பட்டு நின்றன.

“நீயா...? ஐயோ, நான்...” அப்படியே அவள் காலடியில் சரிந்து குழந்தைபோல் அழுதான்.

மாமியார் ஓடிவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். “இத்தனை நாளும் இதைத்தான் சுமந்தியாடி? நான் வாய்க்கு வந்தபடி ஏசினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!”

“சொல்லியிருக்கணும் அத்தை. முதல் நாளே சொல்லியிருக்கணும்.” அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். “பசங்க பனியில நின்னுட்டிருப்பாங்க. நடந்து போய்ச் சொல்லிட்டு வரேன்.”

“நீ இல்ல,” என்று அவன் எழுந்தான். “நான்தான் சொல்லணும். என்னைக் கூட்டிட்டுப் போ.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தெருமுனையில் ஒரு சின்னக் குரல் ஓடிவந்தது. “டிரைவர் மாமா! வண்டி எங்க?”

குழந்தை நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து, அவன் சிரிக்க முயன்றான். அவள் அவனைத் திருப்பிவிடவில்லை.

“மாமாவுக்குப் பார்வை போயிருச்சு தங்கம்,” என்றான்.