ஒன்றரை மீட்டருக்கு இந்தப் பக்கம்

நான்காவது படத்தில், மதகின் மேல், வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

தூசி என்றுதான் நோபர்ட் முதலில் நினைத்தார். டார்க் ரூம் கொடியில் ஆறு படங்கள் ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. சிவப்பு பல்பின் கீழ் ஹைப்போ மருந்தின் புளித்த வாடையும் நனைந்த சுவரின் வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. காலையிலிருந்து விடாமல் பெய்யும் தூறல் தகரக் கூரையில் யாரோ அரிசி புடைப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நெகட்டிவை எடுத்து ஊதினார், துடைத்தார், மறுபடி பிரிண்ட் போட்டுப் பார்த்தார். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

படம் எடுக்கும்போது மதகில் யாரும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருஷமாக அந்த மதகில் யாரும் இல்லை என்பதை அவர் தினமும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எல்லாம் லாபிர் கேட்டதால் வந்த வினை. மாத்தளை டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் லாபிர், நோபர்ட்டின் அலுமாரியில் ஒரு ஸூம் லென்ஸ் சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு அலுவிகாரையில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டான். எழுபத்தைந்திலிருந்து முந்நூறு வரை இழுக்கும் லென்ஸ். சவூதியிலிருந்து திரும்பிய கூட்டாளி சாலிஹ் எண்பத்தொன்பதில் கொண்டுவந்து கொடுத்த மலிவுச் சாமான்.

“வாயால சொன்னா விளங்காது நோபர்ட் அண்ணே. ஒரு ரோல் எடுத்துக் காட்டுங்க. முந்நூறுல எப்படி வருதுன்னு பாத்துட்டு எடுத்துக்கிறேன்.”

நோபர்ட் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். ஆனால் பக்கத்தில் நின்ற மனைவி மார்ஜரி முந்திக்கொண்டாள். “கொடுத்துத் தொலைங்க. அலுமாரியத் தொறந்தா அதுதான் கண்ணுல படுது. அதைப் பாத்தா எனக்குப் பிள்ள ஞாபகம் வருது.” அவர் அலுமாரியைத் திறந்து லென்ஸை வெளியே எடுத்தார்.

லென்ஸின் தரம் பார்க்க நோபர்ட்டிடம் ஒரு முறை இருந்தது. மாடி ஜன்னலில் ஸ்டாண்டைப் போடுவார். பின்பக்க வயலுக்கும் ஓடைக்கும் அப்பால், இருநூறு மீட்டர் தூரத்தில், கிளை ரோடு வளையும் இடத்தில் ஒரு மதகு. அதில் ஓர் ஆள் சிலேட்டோடு நிற்க வேண்டும். எத்தனையில் ஸூம், எந்த அப்பர்ச்சர் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அழித்து அழித்து எழுதிக் காட்ட வேண்டும். அப்போதுதான் பிறகு படங்கள் ஒன்றோடொன்று குழம்பாது. வேலை முடிந்ததும் ஜன்னலிலிருந்து வெள்ளைத் துவாயை வீசுவார். துவாய் தெரியும்வரை ஆள் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

அந்த ஆள் எப்போதும் மகள் அஞ்சலாதான். பத்து வயதிலிருந்தே எந்தப் படத்துக்கு எந்த எண் என்ற வரிசையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் போடுவது போல, சிலேட்டிலும் மேலே ஒரு சின்னச் சிலுவை போட்டுவிட்டுத்தான் எண்ணை எழுதுவாள். “லென்ஸ் நல்லதுன்னா ஏசப்பாவும் தெரிவாருப்பா,” என்று சிரிப்பாள்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்ற கதைதான். ஊரார் பிள்ளைகளையெல்லாம் பவுடர் பூசி உட்கார வைத்துக் கண்ணிமை எண்ணுகிற மாதிரிப் படம் பிடித்தவர், சொந்தப் பிள்ளையை எடுத்ததெல்லாம் லென்ஸ் சோதனைக்கு. தூரத்தில், மங்கலாக, மூலையில். அவள் காணாமல் போனபோது, முறைப்பாட்டோடு ஒரு படம் வேண்டும் என்று பொலிஸில் கேட்டதும் மூன்று பெட்டிகளைக் கொட்டித் தேடினார். முகம் தெரிந்தது, கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளின் படம் ஒன்றில்தான். எட்டு வயதுப் பிள்ளையின் படத்தைக் கொடுத்துப் பதினேழு வயதுப் பெண்ணைத் தேடச் சொல்லிவிட்டு வந்தார்.

அது எண்பத்தொன்பது அக்டோபர். ரோட்டில் நின்ற இளம் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிப்போய், அவர்கள் வீடு திரும்பாத காலம். எல்கடுவவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்பட்ட மார்ஜரி படியில் நின்று சொன்னாள்: “நாலு மணிக்கு டைப்பிங் கிளாஸ் போகட்டும். நேரா வரட்டும். ரோட்டுல மட்டும் நிக்க விடாதீங்க.” ஆனால் கையில் புது லென்ஸ், வெளியே இரண்டு மணி வெயில். “அரை மணித்தியாலம்தான் மகள்,” என்று அஞ்சலாவை மதகுக்கு அனுப்பினார். ஐந்தாவது படம் எடுக்கப் போகும்போது கீழே கஸ்டமர் கூப்பிட்டார். கல்யாண ஆல்பம், பேச்சு, பிளேன்டீ என்று ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டது. மேலே வந்து பார்த்தபோது மதகு வெறுமையாக இருந்தது. வயலில் விழுந்து எழும்பி ஓடினார். மதகுச் சுவரில் சாய்த்து வைத்த சிலேட் மட்டும் இருந்தது.

அதை எடுத்து ஓடையில் வீசினார். ஏன் வீசினார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. பொழுதுபட வீடு வந்த மார்ஜரியிடம், “கிளாஸுக்குப் போன பிள்ள இன்னும் வரல்ல,” என்றார்.

நான்கு வருஷமாக மார்ஜரி டவுன் ரோட்டில் தேடுகிறாள். பஸ் கண்டக்டர், பெட்டிக்கடைக்காரர், டைப்பிங் டீச்சர் என்று ஒருவரை விடவில்லை. மதகுப் பக்கம் போய் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் யாராவது ஏதாவது பார்த்திருப்பார்களோ என்ற நினைப்பு நோபர்ட்டை உயிரோடு தின்றது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். தினமும் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

பூதக்கண்ணாடியை எடுத்து நான்காவது படத்தின் மேல் குனிந்தார். எழுபத்தைந்தில் எடுத்த மூன்றும் பரவாயில்லை. முந்நூறில், அப்பர்ச்சர் ஐந்து புள்ளி ஆறில், மலிவின் புத்தி தெரிந்தது. மிளகுக் கொடி, கொக்கோ மரம், மதகுக் கட்டு எல்லாம் பாலில் நனைத்த மாதிரி, ஒரு விளிம்பு கூட உறுதியாக இல்லை. ஐந்தாவது படத்தில் எட்டு, ஆறாவதில் பதினொன்று. அங்கேதான் இலை இலையாகப் பிரிந்தது. லாபிருக்கு எழுதிய குறிப்பிலும் அப்படித்தான் போட்டிருந்தார்: ‘முந்நூறில் சோர்வு. மூலைகளில் தெளிவு போதாது. ஒன்றரை மீட்டருக்கு இந்தப் பக்கம் ஃபோகஸ் ஆகாது.’

ஆனால் அந்தப் பாலுக்குள் புள்ளி மட்டும் கூர்மையாக இருந்தது. ஊசியால் கீறிய மாதிரி.

என்லார்ஜரை மேலே உயர்த்திப் பெரிதாக்கினார். தட்டில் தாள் மெல்ல மெல்லக் கறுத்தது. வெள்ளைச் சட்டை. இரண்டு கை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், முகத்தை மறைத்துப் பிடித்த ஒரு கறுப்புச் சதுரம்.

படியேறி மாடிக்கு ஓடினார். எல்கடுவ மலையிலிருந்து இறங்கிய மூட்டம் வயலின் பாதிவரை வந்திருந்தது. வெறும் கண்ணுக்கு மதகில் ஒருவரும் இல்லை. ஸ்டாண்டில் இன்னும் நின்ற கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தார்.

நின்றாள்.

மழையில், அசையாமல், சிலேட்டைத் தூக்கிப் பிடித்தபடி. நான்கு வருஷம் துவாய்க்காகக் காத்து நிற்கிறவள் மாதிரி நின்றாள். நோபர்ட்டுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அழுகை. நாற்காலியில் கிடந்த துவாயை இழுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினார். வீசினார். கை வலிக்க வீசினார்.

“யாருக்குங்க துவாய் காட்டுறீங்க?”

மார்ஜரி. கையில் அவருக்குக் கொண்டுவந்த பிளேன்டீ. துவாய் எதற்கு என்று அவளுக்கும் தெரியும். அவள் முகம் வெளுத்திருந்தது. இப்போது சொல்லியிருக்கலாம்.

“ஒண்ணுமில்ல. காயப் போடுறேன்.”

“மழையிலயா?”

அவர் மறுபடி வியூஃபைண்டரில் குனிந்தார். மதகு வெறுமை. வரம்பில் தேடினார். ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தாள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினார். முப்பது மீட்டர். சிலேட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வளையம் பதினைந்துக்கு வந்தது. பிறகு ஜன்னலுக்குக் கீழே மறைந்துவிட்டாள்.

கீழே பின்கதவு கிறீச்சிட்டது.

“கதவு பூட்டித்தானே வந்தேன்,” என்றாள் மார்ஜரி.

முதல் படி. ஈரக் கால் பலகையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். இரண்டாவது. அவள் எப்போதும் மூன்றாவது படியைத் தாண்டித்தான் ஏறுவாள், அது ஆடும். மூன்றாவது கேட்கவில்லை. நான்காவது கேட்டது. ஓடைச் சேற்றின் வாடை ஏறி வந்தது.

நோபர்ட் ஸ்டாண்டை வாசல் பக்கம் திருப்பினார். கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பயம். எடுத்தாலும் இருப்பாள் என்ற பயம்.

நான்கு மீட்டர். வாசல் நிறைய வெள்ளை.

மூன்று. கறுப்புச் சதுரம். சின்னச் சிலுவை. அதன் கீழே 300. அதன் கீழே 8. அவர் எடுக்காமல் விட்டுப்போன ஐந்தாவது படம்.

இரண்டு. இந்த லென்ஸ் ஒருநாளும் காட்டாத கூர்மை. சாக்கட்டித் தூள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சட்டத்தைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். நகம் இருக்கவில்லை.

ஒன்றரை.

சிலேட் இறங்கத் தொடங்கியது. நெற்றி. ஈர முடி. ஒரு முகம், ஒரே ஒரு தடவை, தெளிவாக. அதற்காகத்தானே. மூச்சைப் பிடித்தார். அவள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

எல்லாம் கலைந்தது. வளையம் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் திரும்பவில்லை. வியூஃபைண்டர் முழுக்கச் சாம்பல் நிறம்.

பின்னால் பிளேன்டீக் கோப்பை விழுந்து உடைந்தது.

“மகள்,” என்றாள் மார்ஜரி. நான்கு வருஷமாகக் கேட்காத குரல். சந்தோஷம் தாங்காத குரல். “என் மகள்... வந்துட்டியா...”

பிறகு நிறுத்தினாள். மறுபடி பேசியபோது அந்தக் குரல் மகளை நோக்கி இருக்கவில்லை.

“என்னங்க. கிளாஸுக்குப் போன பிள்ள கையில ஏங்க சிலேட் இருக்கு?”

நோபர்ட் கண்ணை எடுக்கவில்லை. சாம்பல் நிறம் குனிந்தது. லென்ஸின் முன்கண்ணாடியில், வெளியிலிருந்து, மூச்சு மெல்லப் படர்ந்தது. அதற்குள் ஈரமான ஒரு விரல் வந்து, மேலேயிருந்து கீழே ஒரு கோடும், குறுக்கே ஒரு கோடும் போட்டது. பிறகு அந்த வாய் அவர் காதோரம் வந்து கேட்டது.

“போதுமாப்பா?”